வண்டி எடுத்திருப்பான்

ஸ்ரீசைலம் அணையில் கதவு தூக்கிவிட்டார்கள் என்று டி.வி.யில் ஓடினால் போதும், ஐதராபாத்தில் பாதிப் பேருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் பெய்த மழையெல்லாம் கிருஷ்ணாவில் இறங்கி, ஜூராலாவைத் தாண்டி, ஸ்ரீசைலத்தில் வந்து முட்டும். 12 கதவில் எத்தனை திறந்திருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை அடி தூக்கியிருக்கிறது என்று தெலுங்கு சேனல்கள் கிரிக்கெட் ஸ்கோர் போல விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். சனி ஞாயிறு வந்ததும் ஊர் முழுக்க அந்தப் பக்கம் காரைத் திருப்பும்.

அப்படி ஒரு சனிக்கிழமை மதியம், தட்டில் கையை வைத்தபடி டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்த நான், "கிளம்பு, ஸ்ரீசைலம் போயிட்டு வந்துடலாம்" என்றேன்.

"இன்னிக்கா?" என்றாள் மனைவி.

"இன்னிக்குத்தான். பிளான் போட்டுக்கிட்டே இருந்தா எங்கேயும் போக முடியாது."

இந்த வசனம் என்னுடையது இல்லை. பணிமனையில் என் பக்கத்து மேசைக்காரர் முந்தின வாரம் அரக்குப் பள்ளத்தாக்கில் மனைவியோடு எடுத்த படங்களைக் காட்டிவிட்டுச் சொன்னது. 'திடீர்னு தோணிச்சு, கிளம்பிட்டோம்' என்று அவர் சொன்னபோது எனக்குள் ஏதோ குறுகுறுத்தது. நான் அப்படிப்பட்ட ஆளே இல்லை. லாலாகுடா ரயில்வே பணிமனையில் வேலை. 1893-இல் நிஜாம் காலத்து ரயில்வே தொடங்கிய இடம். என் தாத்தா அங்கே கொல்லுப்பட்டறையில் இருந்தார், அப்பா மர வேலையில், நான் ஓவர்ஹாலுக்கு வரும் பெட்டிகளைப் பார்த்து அனுப்பும் பிரிவில். எந்தப் பெட்டி எந்தத் தேதியில் உள்ளே வந்தது, எந்தத் தேதியில் வெளியே போக வேண்டும் என்பதிலேயே ஆயுள் ஓடுகிறது. அப்படிப்பட்டவன் ஒருநாளாவது திடீர்க் கணவனாக இருந்து பார்த்துவிடுவது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவள் சமையலறை நிலைப்படியில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "எப்பத் திரும்புவோம்?" என்று கேட்டாள். "நாளைக்கு ராத்திரிக்குள்ள" என்றேன். சரி என்று உள்ளே போனாள். நான் டயருக்குக் காற்று பிடித்து, பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பி வருவதற்குள் புடவை மாற்றி, பை கட்டி, ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கில் சாப்பாடும் எடுத்து வைத்திருந்தாள். பெண்டாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

தார்நாகா, ஹப்சிகுடா, உப்பல், எல்.பி. நகர் என்று ஊரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வருவதற்குள்ளேயே பொழுது சாய்ந்துவிட்டது. துக்குகுடா பக்கம் வந்தபோது அவள் போனில் யாரோடோ தணிந்த குரலில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். "லேது வதினா... ஆயனே பிலிச்சாரு" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. இல்லை அண்ணி, அவரே கூப்பிட்டார் என்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் என்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கூட வைத்தேன், தடங்கல் இல்லாமல் பெருமைப்படட்டுமே என்று.

கட்தால், ஆமன்கல், கல்வகுர்த்தி. வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். அணை 512 மீட்டர் நீளம், 145 மீட்டர் உயரம். நல்லமலை என்பது கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பகுதி. கிருஷ்ணா அந்த மலையை அறுத்துக்கொண்டு ஓடும் இடுக்கில்தான் அணையைக் கட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரி விஷயங்கள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் "ம்" போட்டாள். டிண்டி ஏரியை ஒட்டிப் போகும்போது நல்ல இருட்டு. தண்ணீர் இருப்பது வாசனையில்தான் தெரிந்தது.

இவ்வளவு விஷயம் தெரிந்த எனக்கு ஒன்று தெரியவில்லை. மன்னனூரைத் தாண்டினால் அம்ராபாத் புலிகள் காப்பகம். 2,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த காடு, நெடுஞ்சாலை அதன் நடுவில் போகிறது. ராத்திரி 9 மணிக்குச் செக்போஸ்ட்டில் கேட்டை இறக்கினால் மறுநாள் காலை 6 மணிக்குத்தான் தூக்குவார்கள். இருட்டில் புலியும் சிறுத்தையும் கரடியும் மானும் ரோட்டைக் கடக்கும், வண்டியில் அடிபட்டுச் சாகும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. நல்ல ஏற்பாடு. ஐதராபாத்திலிருந்து ஸ்ரீசைலம் போகிற எந்த டாக்ஸிக்காரரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார். நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டுக் கிளம்பினால் அது என்ன திடீர்ப் பயணம்?

மன்னனூர் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே கால். கேட் இறங்கியிருந்தது.

"ரேப்பு பொத்துன ஆறு கண்டலக்கே சார்" என்றார் அங்கே இருந்தவர். நாளைக் காலை ஆறுக்குத்தான். நான் ரயில்வே என்றேன். சிரித்தார். லெவல் கிராஸிங்கில் கேட் போட்டபின் கெஞ்சுகிறவர்களைப் பார்த்து எங்கள் ஆட்கள் சிரிக்கிற அதே சிரிப்பு. முன்னால் நாலைந்து கார்கள் ஓரமாக நின்றிருந்தன, உள்ளே சீட்டைச் சாய்த்துப் போட்டுப் படுத்திருந்தார்கள். நானும் அவர்களுக்குப் பின்னால் வண்டியை ஒதுக்கினேன்.

"சாப்பிடலாம்" என்றாள்.

பானெட்டின் மேல் பேப்பரை விரித்துத் தூக்கைத் திறந்தாள். புளியோதரை. நல்லெண்ணெய் மினுங்க, கடலைப்பருப்பும் மிளகாயும் பதமாக வறுபட்டு, வெந்தயமும் எள்ளும் பொடித்துப் போட்ட எங்கள் ஊர்ப் புளியோதரை. இதை நினைத்த மாத்திரத்தில் செய்ய முடியாது. புளிக்காய்ச்சலை நிதானமாகச் சுண்ட வைத்தால்தான் இந்த ருசி வரும் என்பது சாப்பிட மட்டுமே தெரிந்த எனக்கும் தெரியும்.

"எப்பக் காய்ச்சின?"

"நேத்து. வதினாவுக்காக."

"அவங்களுக்கு எதுக்கு?"

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபமாக எல்லாம் இல்லை. "நாளைக்குக் காலையில கிளம்புறாங்க இல்ல. வண்டியில சாப்பிடக் குடுத்துவிடலாம்னு."

அந்த வதினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அடுத்த குவார்ட்டர்ஸ். கல்யாணமாகி கும்பகோணம் பக்கத்திலிருந்து லாலாகுடாவுக்கு வந்தபோது என் மனைவிக்கு ஒரு வார்த்தை தெலுங்கு தெரியாது. காம்பவுண்டுச் சுவரின் இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவர். கத்தரிக்காயைக் காட்டி, உப்பைக் காட்டி, பாலைக் காட்டி அவர்தான் பேசக் கற்றுக் கொடுத்தார். என் மகள் பிறந்த ராத்திரி நான் வேலை விஷயமாகக் குண்டக்கல்லில் இருந்தேன். வலி எடுத்தவளை ஆட்டோவில் ஏற்றி லாலாகுடா ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும், விடிய விடிய வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும், குழந்தையை முதலில் கையில் வாங்கியதும் அவர்தான். அவர் கணவர் எங்கள் பணிமனையில்தான் இருந்தார், ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸைச் சில மாதங்கள்தான் வைத்துக்கொள்ள முடியும். விசாகப்பட்டினத்தில் இருக்கும் மகனிடம் போவதாக முடிவாகியிருந்தது. சாமான் எல்லாம் லாரியில் போய்விட்டது. இது வரைக்கும் எனக்குத் தெரியும். போகும் நாள் எது என்பதுதான் தெரியாது.

"சொல்லவே இல்லையே?"

"புதன்கிழமை சொன்னேன். 'ம்'னீங்க."

சொல்லியிருப்பாள். நானும் 'ம்' என்றுதான் இருப்பேன்.

"மத்தியானம் கூப்பிட்டப்பவாவது ஞாபகப்படுத்தியிருக்கலாமே."

இதற்கு அவள் உடனே பதில் சொல்லவில்லை. தூக்கின் ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கைகளை வழித்துச் சேர்த்தாள். "எவ்வளவோ நாளைக்கப்புறம் நீங்களா ஆசையா கூப்பிட்டீங்க. வேணாம்னு சொல்ல மனசு வரல" என்றாள்.

பிறகு, அதே குரலில், "இப்பத் திரும்பினாக்கூட ஒரு மணிக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். வண்டி ஏழு மணிக்குத்தான்" என்றாள்.

நான் மறந்து போனதை நாலு பேரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். எல்லாரும் கூடவே சிரிப்பார்கள், அவரவர் வீட்டில் மறந்ததை ஒன்று சொல்வார்கள். மறதிக்கு ஒரு சௌகரியம் உண்டு, யாரும் அதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மன்னனூரில் ஒன்பதரை மணிக்கு நான் எதையும் மறந்திருக்கவில்லை. வண்டி எத்தனை மணிக்கு, எங்கிருந்து, யார் போகிறார்கள், எல்லாம் தெரியும். கேட் மூடியிருந்தது ஸ்ரீசைலம் பக்கம் மட்டும்தான். லாலாகுடா பக்கம் ரோடு காலியாகத் திறந்து கிடந்தது. டேங்கில் பெட்ரோல் இருந்தது. எனக்குத் தூக்கமும் வரவில்லை.

"இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்றேன்.

அவள் சரி என்றாள். தூக்கைக் கழுவத் தண்ணீர் இருக்கிறதா என்று தேடப் போய்விட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். அணைமேல் அப்படி ஒன்றும் உயிர் இல்லை. திங்கட்கிழமை பணிமனையில் பக்கத்து மேசைக்காரரிடம், மன்னனூர் வரை போய்த் திரும்பி வந்தோம் என்று சொல்ல முடியாது என்பதுதான் உண்மைக் காரணம் என்று தோன்றுகிறது. எழுதிப் பார்க்கையில் இன்னும் சிறுத்துத் தெரிகிறது.

காலை 6 மணிக்குக் கேட் தூக்கினார்கள். வரிசையாக எல்லா வண்டியும் உறுமிக்கொண்டு புகுந்தன. உள்ளே போன பிறகு காடு வேகத்தைத் தானே குறைத்துவிடுகிறது. வளைவுகள், வேகத்தடைகள், நட்டநடு ரோட்டில் உட்கார்ந்து பேன் பார்க்கும் குரங்குகள். மழைக்குப் பின் நல்லமலை அவ்வளவு பச்சை. ஃபரகாபாத் தாண்டி, வட்வர்லபல்லிப் பக்கம் செஞ்சுக்களின் குடிசைகள் தெரிந்தன. ஸ்ரீசைலம் கோயில் சிவனான மல்லிகார்ஜுனரே தங்கள் பெண்ணைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை என்று சொல்கிற ஜனங்கள் அவர்கள், காட்டில் தேன் எடுத்துப் பிழைத்தவர்கள். இதையெல்லாம் நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். வாயை மூடினால் வேறு ஏதாவது பேச வேண்டியிருக்கும்.

அவள் மடியில் போனை வைத்திருந்தாள். அடிக்கடி அதைத் திருப்பிப் பார்த்தாள். காட்டுக்குள் சிக்னல் இல்லை.

ஏழு மணி நெருங்கியது. காரின் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேதான் போனது. ஏழடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது செகந்திராபாத்தில் அந்தப் பிளாட்பாரம் எப்படி இருக்கும் என்பதை என்னைவிடத் தெரிந்தவன் யார்? பெட்டி தேடி ஓடுகிறவர்கள், டீ விற்கிறவன், சூட்கேஸை சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு மறுபடி வாசலுக்கு வந்து நிற்கிற பெரியம்மாக்கள். ஏழுக்கு அஞ்சு. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணா உள்ளே உட்கார்ந்து பேப்பரைப் பிரித்திருப்பார். அந்த அம்மா வாசலில்தான் நிற்பார். மேம்பாலப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஏழு. சிக்னல் விழுந்திருக்கும். கார்டு பச்சைக் கொடியைக் காட்டியிருப்பார். முதலில் ஒரு சின்ன இழுப்பு, அப்புறம் தெரியாமலே நகரும்.

ரோட்டில் ஒரு மயில் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்து நிறுத்தினேன். அது அவசரமே இல்லாமல் கடந்து போனது.

"வண்டி எடுத்திருப்பான்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் கியர் போட்டேன். அந்தச் சனி ஞாயிறுக்கு என் கையில் எந்த வேலையும் இல்லை. விட்டுவிட்டு வருவதற்கு எனக்கு எதுவுமே இல்லாததால்தான் அப்படிச் சட்டென்று கிளம்ப முடிந்தது. எங்கள் இரண்டு பேரில் எதையாவது விட்டுவிட்டு வந்தவள் அவள் மட்டும். அது எனக்குப் பட்டது அந்த மயில் போன பிறகு, காரை இரண்டாவது கியருக்கு மாற்றுகிற நேரத்தில்.

தோமலபெண்டா செக்போஸ்ட்டைத் தாண்டி ஈகலபெண்டா வந்ததும் சிக்னல் வந்தது. அவள் போன் மடியில் கிடந்தபடியே ஒன்றன்பின் ஒன்றாகத் துடித்தது. அத்தனையும் தவறிய அழைப்புகளுக்கு வந்த செய்திகள், எல்லாம் ஒரே எண்ணிலிருந்து. கடைசி அழைப்பு வண்டி கிளம்பும் நேரத்துக்குப் பிறகு. நான் ஓரமாக நிறுத்தினேன், திருப்பிக் கூப்பிடட்டும் என்று. அவள் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. "அப்புறம் பேசிக்கறேன், நீங்க போங்க" என்றாள்.

மலையில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் கீழே கிருஷ்ணா. அணையின் கதவுகள் திறந்திருந்தன. தண்ணீர் விழுந்து எழுப்பிய புகை பாலத்தில் போகிறவர்களின் கண்ணாடியை நனைத்தது. கூட்டமான கூட்டம், ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே. எல்லாரும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் அது பார்க்க வேண்டிய காட்சிதான். அவளும் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். நான் சுட்ட தோசையை ஒருநாள் அப்படித்தான் சொன்னாள்.

ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அதைத்தான் திங்கட்கிழமை பணிமனையில் காட்டினேன். பிரமாதம் என்றார்கள்.

கோயிலில் தரிசனத்துக்கு நீண்ட வரிசை. ஸ்ரீசைலம் நம் தேவாரத்தில் திருப்பருப்பதம். மூவரும் பாடிய தலம். ஆனால் அப்பர் மட்டும்தான் இங்கே நடந்து வந்தார். சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் இருந்தபடியே பாடினார்கள் என்கிறது பெரிய புராணம். வரிசையில் நின்றபோது இதையும் அவளுக்குச் சொன்னேன். "அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு" என்றாள். அந்த இரண்டு நாளில் அவள் சொன்ன ஒரே குத்தல் அதுதான், அதுகூட குத்தலா என்று இன்னும் சந்தேகம்.

கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் சாட்சி கணபதி இருக்கிறார். கையில் ஏடும் எழுத்தாணியும். ஸ்ரீசைலத்துக்கு வந்தவர்கள் பேரை எழுதி வைத்துக்கொண்டு, இன்னார் வந்தார் என்று சிவனிடம் சாட்சி சொல்வாராம். அங்கே போய்ப் பேர், கோத்திரம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். என் பேரைச் சொன்னேன். அவள் பேரைச் சொல்லும்போது, இவள் வந்ததாக எழுதிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசனையாக இருந்தது.

திரும்பும்போது எங்கேயும் நிற்கவில்லை. 9 மணிக்குள் மன்னனூரைக் கடக்க வேண்டுமே. ராத்திரி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது பக்கத்துக் குவார்ட்டர்ஸில் பூட்டுத் தொங்கியது. எங்கள் திண்ணையில் ஒரு பை இருந்தது. உள்ளே இரண்டு ஜாடி ஆவக்காய், அவர் வளர்த்த கறிவேப்பிலைச் செடி ஒன்று தொட்டியோடு. என் மனைவி செடியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். பேசாமல் நான் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஆவக்காயை அவள் ரொம்ப நாள் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வதினா அதை ஒரு குறையாகப் பேசவே இல்லை. போனில் இருவரும் முன்னைப்போலவே பேசிக்கொண்டார்கள். ஆனால் முன்பு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மணிக்கணக்காகப் பேசியவர்கள், போனில் அவ்வளவு நேரம் பேசவில்லை. தூரம் காரணமா, நான் காரணமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

சில மாதம் கழித்து எனக்கு ஒரு யோசனை வந்தது. சரிக்கட்டிவிட வேண்டும். "இந்த வாரமே வைசாக் போயிடலாமா, கார்லயே? அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னா எப்படி இருக்கும்!" என்றேன். 600 கிலோமீட்டருக்கு மேல். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவங்க ஊர்ல இருக்காங்களான்னு முதல்ல கேளுங்க" என்றாள். கேட்டேன். இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள், மாசக் கடைசியில்தான் வருவார்களாம்.

கடைசியில் அவளே நாள் பார்த்து, அவர்களிடம் கேட்டு, தனக்கு மட்டும் டிக்கெட் போட்டுக்கொண்டாள். "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். "இந்தத் தடவை வேணாங்க" என்றாள்.

வழியனுப்ப செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போனேன். அரை மணி முன்னாடியே போய்விட்டோம். சாமானை வைத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றேன். ஏ.சி. பெட்டி, கண்ணாடி திறக்காது. உள்ளே அவள் பக்கத்து சீட்டுப் பெண்ணோடு பேச்சைத் தொடங்கிவிட்டாள். நான் சும்மா நிற்காமல், பெட்டியின் கோடியில் ஓவர்ஹால் தேதியும் பணிமனைப் பேரும் எழுதியிருக்குமே, பார்த்துவிட்டு வரலாம் என்று நடந்தேன். பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவள் ஜன்னல் என்னைத் தாண்டிப் போனது.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"எங்க போயிட்டீங்க?"

"கோச்சு எங்க ஓவர்ஹால் ஆச்சுன்னு பார்க்கப் போனேன்."

"எங்க?"

"நம்ம ஷாப்புலதான். போன மார்ச்சுல."

"அப்ப சரி" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.